நால்வரில் இளையவர்

கிழக்கே கோட்டை வாசலைத் தாண்டி பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிற வழியில், பத்மதீர்த்தக் குளத்தின் பக்கத்தில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. கூரையின் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் அதற்குக் குதிர மாளிகை என்று பெயர். சாலை பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களும், கடைகளில் கணக்கு எழுதுகிறவர்களும், செக்ரடேரியட்டுக்கு பஸ் பிடிக்கிறவர்களுமாக நம்மவர் எத்தனையோ பேர் தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். அதைக் கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா என்பது பலருக்கும் தெரியும். அந்த மகாராஜாவின் சபையில் பிடில் வாசித்த தஞ்சாவூர்க்காரர் ஒருவரைப் பற்றி நம்மில் அவ்வளவு பேருக்குத் தெரியாது. பிழைப்புத் தேடி அண்ணன்மாரோடு இந்த ஊருக்கு வந்தவர் அவர். அண்ணன்மார் போன பிறகும் இங்கேயே இருந்து, நாற்பது வயதைக் காணாமலே மறைந்தவர். அவர் பெயர் வடிவேலு.

சங்கீத உலகத்தில் தஞ்சை நால்வர் என்றால் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். வடிவேலு கடைக்குட்டி. 1802-ல் மூத்தவர் பிறந்தார், 1810-ல் இளையவர் பிறந்தார். நடுவில் எட்டே ஆண்டுகள். இசையும் நாட்டியமும் குலத்தொழிலாக வந்த குடும்பம். பாட்டனார் கங்கைமுத்து பெரிய நட்டுவனார். தகப்பனார் சுப்பராயனும் அதே தொழில்தான். ஆக, பிள்ளைகளுக்கு ஜதியும் தாளமும் தொட்டிலிலேயே காதில் விழுந்திருக்கும்.

முத்துசுவாமி தீட்சிதர் தஞ்சாவூரில் தங்கியிருந்தபோது இந்தப் பிள்ளைகள் அவரிடம் சீடர்களாகச் சேர்ந்தார்கள். கற்றுக்கொண்டதற்கு நன்றியாக, குருவைப் போற்றும் ஒன்பது கீர்த்தனைகளை நவரத்தினமாலை என்ற பெயரில் இயற்றிச் சமர்ப்பித்தார்கள். தீட்சிதருக்கு நால்வர் மேலும் பிரியம்தான். இளையவனை மட்டும், ஒரு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளை என்று தனியாகப் பாராட்டினார் என்பார்கள்.

குருவின் வீட்டிலும் ஒரு துக்கம் நடந்தது. தீட்சிதருக்குச் சின்னசாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகள். இருவரும் மதுரைப் பக்கம் போயிருந்தபோது சின்னசாமி அங்கே காலமாகிவிட்டார். பாலுசுவாமி எங்கே போனார் என்றும் தெரியவில்லை. தஞ்சாவூரில் இருந்த தீட்சிதருக்குச் செய்தி எட்டியதும், மிஞ்சிய தம்பியைத் தேடி மதுரைக்குப் புறப்பட்டார். பிறகு அவர் எட்டயபுரத்தில் இருப்பது தெரிந்து அங்கே போய்ச் சேர்ந்தார். வடக்கே காசி வரை போய் வந்த அந்த மகான் தம்பியைத் தேடி தெற்கே நடந்தது, சீடர்களாக இருந்த இந்தச் சகோதரர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தம்பியைப் பறிகொடுப்பது என்றால் என்ன என்பதை, தங்கள் வீட்டில் அது நடப்பதற்கு முன்பே குருவின் முகத்தில் பார்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தஞ்சையை விட்டு

நால்வரும் தஞ்சாவூரை விட்டதற்குக் காரணம், அரண்மனையோடு ஏற்பட்ட ஒரு மனக்கசப்பு என்று சொல்வார்கள். விவரம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. ஆனால் அன்றைய தஞ்சாவூரின் நிலையைப் பார்த்தால் கசப்பு இல்லாமலே கூடப் புறப்பட்டிருக்கலாம். 1799-லேயே கும்பெனியார் ராஜ்யத்தை வாங்கிக்கொண்டு விட்டார்கள். சரபோஜி மகாராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச இடமும்தான். அவர் கலையை ஆதரித்தவர், சரசுவதி மகாலை வளர்த்தவர். இருந்தாலும் ஒரு கோட்டைக்குள் எத்தனை வித்வான்களுக்குச் சோறு போட முடியும்?

இந்தப் பக்கம் 1829-ல் பதினாறு வயதில் சுவாதித் திருநாள் திருவிதாங்கூர் ஆட்சியை ஏற்றார். அவருடைய ஆசிரியர் சுப்பராவும் தஞ்சாவூர்க்காரர். சங்கீதத்தில் பித்துக்கொண்ட ராஜா என்ற பெயர் காவேரிக் கரை வரை எட்டியது. தஞ்சாவூரிலிருந்து மேருசாமி போன்றவர்கள் வந்தார்கள். நமது நால்வரும் வந்தார்கள்.

இன்று தஞ்சாவூரில் ராத்திரி ஏறினால் மறுநாள் தம்பானூரில் இறங்கிவிடலாம். அவர்கள் காலத்தில் ரயில் ஏது? கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்ததே 1918-ல். கன்னியாகுமரிப் பாதை திறந்தது 1979-ல். மதுரை, திருநெல்வேலி, ஆரல்வாய்மொழிக் கணவாய், பத்மநாபபுரம் என்று 500 கிலோமீட்டர் அளவுக்கு மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வரவேண்டிய காலம் அது. ஊருக்குப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், போய்ச் சேர்ந்தார் என்ற செய்தி திரும்பி வர மாதக்கணக்காகும். மாதம் ஒரு மணியார்டரும் பொங்கலுக்கு நாலு நாள் லீவுமாக இங்கே காலம் தள்ளிய தலைமுறையினருக்கு, அந்தத் தூரம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ராஜாவும் வித்வானும்

சுவாதித் திருநாளைவிட வடிவேலு மூன்று வயது மூத்தவர். ராஜாவுக்கும் ஊழியருக்கும் இருக்கிற இடைவெளி இருவருக்கும் இருந்ததுதான். ஆனாலும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், ஒரே பைத்தியம் பிடித்தவர்கள். மகாராஜா வர்ணங்களும் பதங்களும் தில்லானாக்களும் இயற்றினார். அவை ஆட்டத்துக்கு வருவதற்கு வடிவேலுவும் அண்ணன்மாரும் துணை நின்றார்கள். எது யாருடைய சாகித்தியம், எதற்கு யார் மெட்டுப் போட்டார்கள் என்பதில் சங்கீதக்காரர்களிடையே சண்டை உண்டு. 1980-களில் வீணை பாலசந்தர் இதைப் பெரிய விவாதமாகவே கிளப்பினார். அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம். இரண்டு இளைஞர்கள் ஒரே மண்டபத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பாடிப் பார்த்த பாட்டில், ஒருவர் கைரேகையை மட்டும் பிரித்தெடுப்பது லேசான காரியமல்ல.

சகோதரர்கள் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. இன்று எந்தச் சபாவில் பரதநாட்டியம் பார்த்தாலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று நிகழ்ச்சி ஒரு வரிசையில் போகிறதல்லவா? அன்று சதிர் என்று வழங்கிய ஆட்டத்துக்கு அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர்கள் இந்த நால்வர்தான். மலையாள நாட்டின் மோகினியாட்டமும் இதே காலத்தில், இதே அரண்மனையில் புது உருவம் பெற்றது. அதில் வடிவேலுவின் பங்கைக் கேரளத்து ஆசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பிடில் விஷயத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர்களின் வாத்தியமாக இருந்த வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்கள் என்று இருவரைச் சொல்வது வழக்கம். ஒருவர் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி. இவர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் கற்றார். மற்றவர் வடிவேலு. தஞ்சாவூரில் இருந்த சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வடிவேலு வயலின் படித்தார் என்று சில புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. அது நடக்கிற காரியமல்ல. பாதிரியார் காலமானது 1798-ல், அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் வடிவேலு பிறக்கவே செய்தார். சரபோஜியின் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்களின் முழக்கம் உண்டு. குருவின் தம்பியே வயலின்காரர். கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட பிள்ளைக்கு வழி இல்லாமல் போகவில்லை.

வந்த வாத்தியம் நம் கமகத்துக்கு வளைந்து கொடுக்கவேண்டும். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிப்பதை, சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கும்படி மாற்றவேண்டும். பாடகரின் பின்னாலும் ஆடுகிறவளின் பின்னாலும் அது நிழல் போல வரவேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் ஒரே ஆள் செய்ததல்ல. ஆனால் ஒரு ராஜசபையில் மரியாதையோடு அந்த வாத்தியத்தை உட்கார வைத்தவர்களில் வடிவேலு முதல் வரிசை. அதற்கு அடையாளமாக 1834-ல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அப்போது வடிவேலுவுக்கு இருபத்து நான்கு வயது. மகாராஜாவுக்கு இருபத்தொன்று.

வடிவேலுவைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. முதல் கதை கொள்ளைக்காரர்களுடையது. காட்டு வழியில் போகும்போது கள்வர்கள் மறித்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்களாம். மற்றதெல்லாம் போகட்டும், பிடிலை மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வாசித்தாராம். கேட்டுக் கண்ணீர் விட்ட கள்வர்கள் பறித்ததைத் திருப்பிக் கொடுத்து, காட்டின் எல்லை வரை துணைக்கும் வந்தார்களாம். பல வித்வான்களுக்கும் இப்படி ஒரு கதை கட்டிவிடுவது நம் வழக்கம் என்பதால் இதை நான் முழுக்க நம்பச் சொல்லவில்லை. ஆனாலும் ஆரல்வாய்மொழி வழியாக ராத்திரி வண்டியில் வந்த பழைய ஆட்கள், வழிப்பறிக் கதைகளைக் கதையாக மட்டும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது கதை திருவையாற்றில் நடக்கிறது. தியாகராஜ சுவாமிகளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று மகாராஜாவுக்கு ஆசை. அந்தத் தூதுக்கு வடிவேலுவை அனுப்பினார் என்பார்கள். வடிவேலு திருவையாற்றில் தங்கி, சுவாமிகள் காதில் விழும்படி வாசித்தும் பாடியும் அவருடைய பிரியத்தைச் சம்பாதித்துக்கொண்டார். மனம் குளிர்ந்த சுவாமிகள் என்ன வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் ராஜாவை வந்து பார்க்கவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டார். மனிதர்களைப் பாடாத தியாகராஜர் ஒரு ராஜசபைக்கு வருவாரா? வாக்கையும் தவறவிடாமல், கொள்கையையும் விடாமல், இருவரும் மேலுலகத்தில் சந்திப்போம் என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்பினார் என்பது கதை. கதையோ நிஜமோ, 1846 டிசம்பர் கடைசியில் சுவாதித் திருநாள் காலமானார். இரண்டு வாரத்துக்குள், 1847 ஜனவரி 6-ம் தேதி தியாகராஜர் சமாதியானார். தூது போனவரோ இருவருக்கும் முன்பே போய்விட்டார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

பிரிந்த வழிகள்

நால்வரும் கடைசி வரை ஒன்றாக இருக்கவில்லை. தஞ்சாவூரில் சரபோஜிக்குப் பின் பட்டத்துக்கு வந்த சிவாஜி மகாராஜாவின் காலத்தில் பொன்னையாவும் சிவானந்தமும் ஊருக்குத் திரும்பினார்கள். பெரிய கோயிலின் நிழலில் பழையபடி வாழ்க்கை நடந்தது. மூத்தவர் சின்னையா வேறு திசையில் மைசூர் போனார். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் அங்கே நாட்டியத்தை வளர்த்தார். அபிநயத்தைப் பற்றித் தெலுங்கில் ஒரு நூலும் செய்தார். வடிவேலு மட்டும் திருவனந்தபுரத்தில் நின்றுவிட்டார்.

ஒரே பாயில் படுத்து, ஒரே குருவிடம் சிட்சை சொல்லி வளர்ந்த நாலு பேர் மூன்று ராஜ்யங்களில் பிரிந்து கிடந்தார்கள். நம் குடும்பங்களில் ஒருவன் பம்பாயிலும் ஒருவன் பெங்களூரிலும் ஒருவன் திருவனந்தபுரத்திலும் இருப்பது போலத்தான் இதுவும். ஊரில் இருக்கிறவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார், வெளியே இருக்கிறவர் பெயரைக் காப்பாற்றுவார். எல்லோருமாகக் கூடி உட்கார்ந்து சாப்பிட, கல்யாணமோ சாவோ வரவேண்டும்.

சாவு கடைக்குட்டிக்கு வந்தது. 1845-ம் ஆண்டு என்பதே பெரும்பாலோர் சொல்வது. ஒன்றிரண்டு ஆண்டு தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் வயது நாற்பதுக்குள்தான். அவரைத் தூக்கி வளர்த்த அண்ணன்மார் மூவரும் அவருக்குப் பின் நெடுங்காலம் இருந்தார்கள். சின்னையா 1856 வரை, சிவானந்தம் 1863 வரை, பொன்னையா 1864 வரை. முதலில் வந்தவர்கள் இருக்க, கடைசியில் வந்தவர் முதலில் போனார்.

வடிவேலுவை ஆதரித்த மகாராஜாவுக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. இரண்டு வயதில் தாயை இழந்தவர் அவர். கூடப் பிறந்த மூத்த சகோதரி கௌரி ருக்மிணி பாயும் அவருக்கு முன்னாலேயே காலமாகிவிட்டார். 1840-ல் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் நிர்வாகத்தில் தலையிட்டுத் தலையிட்டு மகாராஜாவின் மனத்தை நோகடித்தார். சபை களையிழந்தது. ஆறு வேகத்தில் பாடக்கூடியவர் என்று பெயரெடுத்த ஷட்கால கோவிந்த மாரார் 1843-ல் மறைந்தார். முப்பத்து மூன்று வயதில் சுவாதித் திருநாள் கண்மூடினார். பட்டத்துக்கு வந்தவர் அவருடைய தம்பி உத்திரம் திருநாள். அண்ணனுக்கு அடுத்த ஆண்டு பிறந்தவர், அண்ணனோடு சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே படித்தவர். அண்ணன் இல்லாத அரண்மனையில் 1860 வரை ஆண்டார். (நாஞ்சில் நாட்டு வாசகர்களுக்கு இவரை வேறு விதத்தில் தெரிந்திருக்கும். தோள்சீலைக் கலகத்துக்குப் பின் 1859-ல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து விளம்பரம் செய்தது இவர் காலத்தில்தான்.) ஆக, தஞ்சாவூரில் தம்பியை இழந்த அண்ணன்மார். திருவனந்தபுரத்தில் அண்ணனை இழந்த தம்பி. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம்.

தந்த வயலின்

இறந்துபோன உடன்பிறப்பை ஒரு குடும்பம் எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும்? நம் வீடுகளில் புகைப்படம் மாட்டுகிறோம், மாலை போடுகிறோம், பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். புகைப்படம் வராத காலத்தில் மறைந்தவர் வடிவேலு. ஆனால் மகாராஜா கொடுத்த அந்தத் தந்த வயலின் ஊர் வந்து சேர்ந்தது. தஞ்சாவூர் மேல வீதியில் நால்வரின் குடும்ப வீட்டில் தலைமுறை தலைமுறையாக அதைப் பாதுகாத்து வந்தார்கள். அந்த வம்சத்தில் வந்த கிட்டப்பா பிள்ளையும் வீணை சிவானந்தமும் 1961-ல் பொன்னையா மணிமாலை என்ற பெயரில் முன்னோர்களின் உருப்படிகளை அச்சிலேற்றினார்கள். அவர்களின் தகப்பனார் பெயர் பொன்னையா. பிள்ளைகளில் ஒருவர் பெயர் சிவானந்தம். பழைய பெயர்கள் அந்த வீட்டில் திரும்பத் திரும்பப் பிறந்தன. ருக்மிணி தேவி உட்பட எத்தனையோ பேருக்கு நாட்டியம் சொல்லித்தந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இந்த வழிதான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இளையவர் மறைந்த பிறகு மற்றவர்கள் பதினைந்து, இருபது ஆண்டுகள் வரை வாழ்ந்து பெயரெடுத்தார்கள். பொன்னையா இயற்றியவைதான் இன்று அதிகம் பாடப்படுகின்றன, ஆடப்படுகின்றன. அப்படியிருந்தும் யாரும் தஞ்சை மூவர் என்று சொன்னதில்லை. ஒருவர் சீக்கிரம் போனார், ஒருவர் மைசூரில் இருந்தார், இருவர் ஊரில் இருந்தார்கள். கணக்கு மட்டும் நால்வர்தான். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், செத்துப்போன தம்பியையும் சேர்த்துச் சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்துகிறவர்களை நான் இந்த ஊர் மெஸ்களிலும் லாட்ஜ்களிலும் பார்த்திருக்கிறேன்.

திருவனந்தபுரத்திலும் வடிவேலுவின் தடம் அழிந்துவிடவில்லை. 1939-ல் இங்கே சங்கீத அகாடமி தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்க வந்தவர் திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் வந்தார். இருவரும் சேர்ந்துதான் சுவாதித் திருநாளின் பாட்டுக்களைத் தேடியெடுத்து, சுரப்படுத்தி, கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, பாட்டு பிறந்த காலத்திலும் தமிழ்நாட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். மறந்துபோன பாட்டைத் திரும்ப எடுத்தபோதும் இருந்தார்கள். அந்த அகாடமிதான் இன்று தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து குமாரசாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவது நமக்கெல்லாம் தெரிந்த காட்சி. கரமனையில் வரவேற்பு, கூட்டம், யானை எல்லாம் பார்த்துவிட்டு நாம் வீடு திரும்பிவிடுவோம். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி நடக்கும். நாளுக்கொரு கீர்த்தனை என்று சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகளை அந்த ஒன்பது நாட்களிலும் பாடுவது முறை. மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு உட்கார்ந்து கேட்கவேண்டும், கைதட்டக்கூடாது. பாடுகிறவரின் ஒரு பக்கத்தில் மிருதங்கம். மறுபக்கத்தில், தரையில் சம்மணமிட்டு, தலையைச் சாய்த்தபடி பிடில்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்.